நெடுங்காட்டுப் பக்கம் வெயில்

புது வண்டி வந்த அன்று ஸ்டேஷன் வாசலில் படுத்திருந்த நாய் எழுந்திருக்கவில்லை. நீலமேகம் அதற்கு ஒரு முழம் தள்ளி வண்டியை நிறுத்தி, இறங்கி, கதவைச் சாத்திய பிறகுதான் தலையைத் தூக்கிப் பார்த்தது. யாரோ தன்னை ஏமாற்றிவிட்ட மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு எழுந்து போய் வேப்பமரத்தடியில் படுத்தது.

"நாய்க்கே தெரியலியே மேகண்ணே," என்றான் நாகூர் மீரான். நீலமேகத்தோடு ரோந்து போகும் கான்ஸ்டபிள் அவன். சிவப்புத் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டே வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்தான். "இதுல போனா, சாராயக் கேன் கடத்துறவன் நம்மள்ட்டயே வந்து வழி கேப்பான் பாருங்க."

நீலமேகம் சிரிக்கவில்லை. சாவி என்று கொடுத்திருந்த கறுப்பு வில்லையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் போலீஸ் வண்டி ஓட்டியவர். சாவியைத் திருகினால் கைக்கு ஒரு பதில் வரும். இந்த பேட்டரி வண்டியில் ஒரு பொத்தானை அமுக்கினால் எதிரே ஒரு திரை விளக்கேற்றிக்கொள்கிறது, அவ்வளவுதான். வண்டி உயிரோடு இருக்கிறதா இல்லையா என்று திரையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

பழைய ஜீப்புக்குப் பதினைந்து வருஷம் முடிந்துவிட்டது. அதற்கு மேல் அரசாங்க வண்டி ஓடக் கூடாது என்று உத்தரவு. பின்பக்கம் கொண்டுபோய்த் தள்ளி நிறுத்தியிருந்தார்கள். அந்த ஜீப்புக்கு வாய் உண்டு. திருநள்ளாற்றைத் தாண்டும்போதே சுரக்குடியில் அவர் மனைவி கமலாம்பாள் சோற்றை வடிக்கத் தொடங்கிவிடுவாள் என்று ஸ்டேஷனில் கேலி பேசுவார்கள். கேலியாகச் சொன்னாலும் அது நிஜம்தான்.

சாயங்கால ரோந்து நெடுங்காட்டுப் பக்கம். வாய்க்காலில் தண்ணீர் தாமதமாக வந்த வருஷம் அது. கடைமடைக்கு வந்து சேர்ந்ததும் எல்லாரும் ஒரே நாளில் விழித்துக்கொண்ட மாதிரி சம்பா நடவில் இறங்கியிருந்தார்கள். ரோட்டோரம் நாற்று முடிகள் குவிந்து கிடந்தன. சேற்றுக்காலோடு பெண்கள் வரிசையாகக் கரையேறி வந்துகொண்டிருந்தார்கள். பழைய ஜீப் வந்தால் அரைக் கல் தூரத்திலேயே ஒதுங்கிவிடுவார்கள். இப்போது முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கும் வரை ஒருத்தியும் திரும்பவில்லை. திரும்பியவள், "அடி ஆத்தாடி!" என்று நெஞ்சில் கை வைத்தாள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள்.

"என்னாங்க சார், பூன மாதிரி வர்றீங்க! சொல்லிட்டு வரக் கூடாதா?"

"கவர்மெண்டு பூன ஆயி இது," என்றான் மீரான். "எலி புடிக்க வந்துருக்கு."

இலுப்பை மதகு கிட்டே வந்தது. மதகைத் தாண்டியதும் ரோடு சட்டென்று வளையும். அங்கே பழைய ஜீப்பை மூன்றாவது கியரிலிருந்து இரண்டுக்கு இறக்கியாக வேண்டும். இறக்கும்போது அது தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு முனகல் முனகும். வளைவின் இடது பக்கம் ஒரு ஓட்டு வீடு. வீட்டை ஒட்டித் தகரக் கொட்டகை. கொட்டகை வாசலில் 'மதி மோட்டார் காயில் கட்டும் இடம்' என்று பலகை. எரிந்துபோன பம்புசெட் மோட்டார்கள் வெளியே வரிசையாகக் கிடக்கும்.

முனகல் கேட்டதும் அந்த வீட்டு வாசலுக்கு ஒரு பெண் வருவாள். ஒருநாள் கையில் விளக்குமாறு இருக்கும். ஒருநாள் தண்ணீர்ச் செம்பு. ஒருநாள் கொடியில் துணி எடுக்க வந்தவள் மாதிரி நிற்பாள். ரோட்டை நேராகப் பார்க்க மாட்டாள். நீலமேகமும் கழுத்தைத் திருப்ப மாட்டார். கண்ணோரத்தில் ஒரு கணம், அப்புறம் பக்கக் கண்ணாடியில் வளைவு மறைக்கும் வரை. மூன்று வருஷமாக இப்படித்தான்.

அவள் இளவேனில். அவருடைய ஒரே மகள்.

நீலமேகம் மதகில் வேகத்தைக் குறைத்தார். இறக்க கியர் இல்லை. இடது கை பழக்கத்தில் கீழே போய் ஒன்றும் இல்லாத இடத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தது. வண்டி தண்ணீரில் ஓலை போவதுபோல வளைவில் திரும்பியது. கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. வாசலில் யாரும் இல்லை.

மீரான் தொப்பியைச் சரிசெய்துகொண்டான். அவனுக்குத் தெரியும். ஸ்டேஷனில் எல்லாருக்கும் தெரியும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஓர் ஆடி மாதம். யாரும் கல்யாணம் செய்யாத மாதத்தில் இளவேனிலும் மதியழகனும் செய்துகொண்டார்கள். கழுத்தில் மாலையோடு ஆட்டோவில் ஸ்டேஷனுக்கு வந்து இறங்கினார்கள், பாதுகாப்பு கேட்டு. வந்து இறங்கும்போது நீலமேகம் ஜீப்பின் முன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மகள் அவரைப் பார்த்தாள். பார்த்துவிட்டு உள்ளே போனாள். ஜன்னல் திறந்திருந்தது. அப்போதைய இன்ஸ்பெக்டர் கேட்டது தெளிவாகக் கேட்டது.

"யாரால பயம்?"

அப்புறம் அவள் சொன்னாள்: "எங்க அப்பாவால."

சாதி வேறு. சொந்தக்காரர்கள் அதைத்தான் பேசிப் பேசி ஓய்ந்தார்கள். நீலமேகத்துக்கு அது உறுத்தவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் நாளாக ஆக அது தேய்ந்தது. தேயாமல் நின்றது இந்த ஒரு வார்த்தைதான். இவளை ஒருநாளும் அடித்ததில்லை. பள்ளிக்கூடத்தில் போலீஸ்காரர் பெண் என்று மற்ற பிள்ளைகள் பயந்தபோது, "எங்கப்பா வண்டிதான் ஓட்டுவாரு, யாரயும் அடிக்க மாட்டாரு" என்று சொல்லிவிட்டு வந்தவள். அந்த வாயால் சொன்னாள்.

பாதுகாப்பாகக் கொண்டுபோய் விட்டு வரச் சொல்லி உத்தரவானது. இன்ஸ்பெக்டர் வெளியே வந்து தயங்கினார். "வேற டிரைவர அனுப்புறேன் நீலமேகம்."

"டூட்டியில நாந்தான சார் இருக்கேன்."

அவர்தான் ஓட்டினார். பின் சீட்டில் மணமக்கள். ரோஜா மாலையின் வாசனையும் டீசல் வாசனையும் கலந்து வந்தது. திருநள்ளாறு தாண்டியது, வயல்கள் தாண்டின. மதகில் இரண்டாவது கியருக்கு இறக்கினார். அவர்கள் இறங்கினார்கள். அவள் கதவுப் பக்கம் வந்து நின்றாள். அவர் கிளட்சை விட்டார். அந்தச் சத்தத்தோடுதான் அவள் புகுந்த வீட்டுப் படி ஏறினாள்.

புது வண்டி வந்த அன்று ராத்திரி அவர் வீட்டுக்கு வந்தபோது கமலாம்பாள் அடுப்படியில் நார்த்தங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். மத்திக் குழம்பு மூடியிருந்தது. கால் கழுவிவிட்டு வந்து அவர் உட்கார்ந்ததும் தட்டை வைத்தாள். சோற்றைப் போட்டாள். குழம்பை ஊற்றினாள். ஊற்றிவிட்டு அகப்பையைப் பிடித்தபடி நின்றாள்.

அந்த வீட்டில் மகள் பேரை யாரும் சொல்வதில்லை. முதல் வருஷம் இரண்டு தடவை போன் வந்தது. கமலாம்பாள் எடுத்து, "மொதல்ல அப்பாகிட்ட பேசு. அவருக்குத் தெரியாம நா பேசுனா அது களவு" என்றாள். அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள். அப்புறம் வரவில்லை. கமலாம்பாளாகவும் போட்டதில்லை. ஆனால் சாப்பிடும்போது நீலமேகம் தட்டைப் பார்த்துக்கொண்டே சொல்வார்: "நெடுங்காட்டுப் பக்கம் இன்னிக்கு நல்ல வெயில்." அவ்வளவு போதும். கமலாம்பாள் உள்ளே போய் அடுத்த வேலையைப் பார்ப்பாள். மகள் வாசலுக்கு வரவில்லை என்றால், "மூட்டமா இருந்துச்சு" என்பார். ஒருமுறை அவள் காய்ச்சலில் இளைத்துப்போய்த் தெரிந்தபோது, "வெயில் இருக்கு, ஆனா காத்து சரியில்ல" என்று சொன்னார். கமலாம்பாள் அன்று இரவு சாப்பிடவில்லை.

பழைய ஜீப்பின் கடைசி நாளில் இளவேனில் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு மெல்லப் படியிறங்கினாள். இடது கை இடுப்பில் இருந்தது. அன்று அவர் சொன்னார்: "நல்ல வெயில். ஆனா அந்தப் பக்கம் ரோட்டுல பாத்து நடக்கணும் போலருக்கு." கமலாம்பாள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நெடுநேரம் சுவரைப் பார்த்தாள். மறுநாள் காலையில் எங்கிருந்தோ ஒரு பை நிறைய நார்த்தங்காய் வாங்கி வந்தாள். அவர்கள் இரண்டு பேருமே நார்த்தங்காய் தொட மாட்டார்கள்.

இப்போது அகப்பையோடு நின்றாள்.

"அந்தப் பக்கந்தான போனீங்க?"

"போனேன்."

"மூட்டமா?"

நீலமேகம் சோற்றைப் பிசைந்தார். "தெரியல," என்றார். "புது வண்டியில ஒண்ணும் தெரிய மாட்டேங்குது."

ஐப்பசி ஓடியது. நாளுக்கு நாள் வண்டி கைக்குப் பழகியது. பழகப் பழக அது நல்ல வண்டி என்று ஒப்புக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை. முழங்காலில் இன்ஜின் சூடு ஏறவில்லை. பல வருஷ இடுப்பு வலி எங்கே போனதென்று தெரியவில்லை. அரசலாற்றில் மணல் அள்ளிக்கொண்டிருந்தவர்கள், வண்டி கரையில் நின்று மீரான் இறங்கி, "மணி என்னாங்க தம்பி?" என்று கேட்கும் வரை மண்வெட்டியை வைக்கவில்லை. கணவனிடம் அடிபட்டு வந்த ஒரு பெண்ணை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனபோது அவள் மெல்லிய குரலில் சொன்ன ஒவ்வொரு சொல்லும் முன் சீட்டுக்குக் கேட்டது. பழைய ஜீப்பில் அவள் கத்தியிருக்க வேண்டும்.

குறையும் இருந்தது. சைரனும் ஏசியும் மேல்விளக்கும் சேர்ந்து போட்டால் சார்ஜ் மளமளவென்று இறங்கும். இறங்கியதை ஏற்ற மணிக்கணக்கில் ஒரே இடத்தில் கட்டிப்போட வேண்டும். அந்த நேரம் பார்த்து அழைப்பு வரும். ஆனால் இதெல்லாம் எல்லாரும் சொல்லும் குறைகள். நீலமேகத்தின் குறை மதகு வளைவில் இருந்தது. மழை நாளிலும் வெயில் நாளிலும் அந்த வாசல் வெறிச்சென்று கிடந்தது. ஒருநாள் கொடியில் சின்னதாக ஒரு வெள்ளைத் துணி. பழைய வேட்டியைக் கிழித்தது. அது குழந்தைத் துணியாக இருக்குமோ, மோட்டார் துடைக்கும் துணியாக இருக்குமோ என்று ராத்திரியெல்லாம் யோசித்தார்.

கோபமோ என்று தோன்றியது. மூன்று வருஷம் வாசலுக்கு வந்து நின்றவளை ஒருநாளாவது திரும்பிப் பார்த்தோமா? அலுத்துப்போயிருக்கும். இப்போது இந்த உடம்போடு எதற்கு வந்து நிற்க வேண்டும்?

"ஹார்ன் அடிங்கண்ணே," என்றான் மீரான் ஒரு சாயங்காலம்.

மதகு தாண்டியது, வளைவு தாண்டியது, களத்துமேடும் தாண்டியது. அப்புறம் நீலமேகம் சொன்னார்: "ஜீப்பு சத்தம் போட்டா வண்டி போவுதுன்னு அர்த்தம். யாரு வேணா வந்து பாத்துக்கலாம். ஹார்ன் அடிச்சா அது கூப்புடுறது."

"கூப்புட்டாதான் என்னாங்குறேன்?"

"என்னால பயம்னு சொன்ன புள்ளய எப்புடி மீரான் கூப்புடுறது?"

மீரான் தொப்பியை மடியில் வைத்து அதன் சிவப்பைத் தடவிக்கொண்டிருந்தான். "இந்த வண்டி ரிவர்ஸ் எடுத்தா மட்டும் டிங்டிங்குன்னு பாடுது. வேணும்னா மதகுலேருந்து ரிவர்ஸ்லயே போவோம். புள்ளயும் வந்து பாக்கும், ஊரும் வந்து பாக்கும்."

நீலமேகத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடிந்ததும் கண்ணைத் துடைக்க வேண்டியிருந்தது. மீரான் வெளியே பார்த்துக்கொண்டான்.

வண்டியை ஓட்டிச் சோதித்துப் பார்க்கக் கொடுத்திருந்த காலம் முடிந்தது. வண்டி ரோந்து வேலைக்கு ஆகுமா, ஆகாதா என்று ஓட்டுகிறவர்களிடமே கேட்க, புதுச்சேரியிலிருந்து ஓர் அதிகாரி வருவதாகச் செய்தி வந்தது. அதைக் கேட்ட அன்று கமலாம்பாள் தலைவாசலிலேயே அவரைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆவாதுன்னு சொல்லிடுங்களேன்."

"யார்கிட்ட?"

"அந்த ஆபீசர்கிட்டதான். ஓட்ட முடியல, டீசல் வண்டியே குடுங்கன்னு கேளுங்க. நீங்க சொன்னா கேப்பாங்க. எத்தன வருஷ சர்வீசு!"

"வண்டி நல்லா ஓடுது கமலா."

"நா ஓடலன்னா சொன்னேன்?" அவள் குரல் உடைந்தது. "ஒரு மாசமா என்னால அடுப்பு மூட்ட முடியல. வெயிலா மழயான்னு தெரியாம எப்புடி இருக்கறது? உங்களுக்கு அந்த எடத்துல ஒரு நிமிஷமாச்சும் கண்ணு இருக்கு. எனக்கு உங்க வாயி மட்டுந்தான். அதயும் இந்த வண்டி புடுங்கிடுச்சு."

அவர் செருப்பைக் கழற்றாமல் நின்றார். மூன்று வருஷத்தில் அவள் இவ்வளவு பேசியது இதுதான் முதல் தடவை.

மறுநாள் அதிகாரி இன்ஸ்பெக்டர் ராஜ்மோகனின் அறையில் உட்கார்ந்திருந்தார். இளவயதுக்காரர், பொறுமையாகக் கேட்டார். எவ்வளவு தூரம் ஓடுகிறது, துரத்தும்போது வேகம் வருகிறதா, தண்ணீர் தேங்கிய ரோட்டில் போகிறதா? நீலமேகம் ஒவ்வொன்றுக்கும் உள்ளதைச் சொன்னார். சனிக்கிழமை திருநள்ளாற்றுக் கூட்டத்தில் ஊர்ந்து ஊர்ந்து போக இதைவிட நல்ல வண்டி கிடையாது. மழைக்காலத்தில் வெளிக்கிராமங்களுக்கு இது ஒன்றையே நம்பிப் போகக் கூடாது, நடுவழியில் ஒரு சார்ஜ் போடுகிற இடம் வேண்டும்.

"சத்தம் இல்லாதது எப்படி?"

நீலமேகம் வெளியே பார்த்தார். ஜன்னல் வழியாகப் பின்பக்கம் தெரிந்தது. பழைய ஜீப் நின்ற இடத்தில் நாலு சக்கரத் தடமும் ஒரு எண்ணெய்க் கறையும் மட்டும் இருந்தன. முந்தின வாரம்தான் ஏலத்தில் எடுத்தவர்கள் லாரியில் ஏற்றிப் போனார்கள். ஆகாது என்று சொன்னாலும் அந்த முனகல் திரும்பி வராது. வேறு ஏதோ ஒரு ஜீப், வேறு ஏதோ ஒரு சத்தம்தான் வரும்.

"நல்லதுதான் சார். தப்பு பண்றவன் ஓட முடியாது."

"அப்ப ரோந்துக்கு ஏத்தது."

"ஏத்ததுதான் சார்." கொஞ்சம் நிறுத்தினார். "ஆனா ரோந்து வண்டிங்கறது ஓடுறவன புடிக்க மட்டும் இல்லீங்களே சார். வருமா வருமான்னு பாத்துக்கிட்டு இருக்குறவங்களும் இருப்பாங்க. தனி வீட்டுல இருக்குற பொம்பளைங்க, வயசானவங்க. சத்தம் கேட்டா, சரி, வந்துட்டுப் போயிட்டாங்கன்னு கதவ சாத்துவாங்க. இது வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது."

"அதுக்கு சைரன் இருக்கே?"

"சைரன் கேட்டா பயந்துருவாங்க சார்."

அதிகாரி தலையசைத்தார். ராஜ்மோகன் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி ஏற்றது என்று முடிவாயிற்று. இன்னும் இரண்டு வரும் என்றார்கள். அன்று வீட்டில், "என்னா சொன்னீங்க?" என்று கமலாம்பாள் கேட்டாள். "உள்ளத சொன்னேன்" என்றார். அவள் தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கார்த்திகை பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. விடியற்காலை எங்கோ இடி இறங்கி ஸ்டேஷன் பக்கம் கரண்டு போனது. வண்டிக்குச் சார்ஜ் பாதிதான் ஏறியிருந்தது. மத்தியானம் நெடுங்காட்டுக்கு அப்பால் ஒரு கிராமத்திலிருந்து அழைப்பு. மூழ்கிய நாற்றைக் காப்பாற்ற ஒருவர் வரப்பை வெட்டித் தண்ணீரை அடுத்தவர் வயலில் விட்டிருக்கிறார்; மண்வெட்டியோடு இரண்டு குடும்பம் நிற்கிறது. போய்ச் சேர்ந்து, இரண்டு பக்கமும் பேசி, வடிகாலைத் திறந்துவிட ஆள் வரும் வரை மேல்விளக்கைச் சுழலவிட்டுக்கொண்டு அங்கேயே கிடந்தார்கள். திரும்பும்போது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. கண்ணாடியில் ஆவி படிய, ஏசியையும் நிறுத்த முடியவில்லை.

திரையில் எண் சிவப்பானது.

"ஆறு சதவீதம்னு காட்டுதுண்ணே," என்றான் மீரான். போனை எடுத்து இரண்டு இடத்துக்குப் பேசினான். "நெடுங்காட்டுலயும் கரண்டு இல்லியாம். இழுத்துட்டுப் போவ வண்டி அனுப்பச் சொல்லட்டுமா?"

நீலமேகம் எல்லாவற்றையும் அணைத்தார். ஏசி நின்றது, விளக்கு நின்றது. ஊர்ந்து மதகு வரை வந்தார். மதகைத் தாண்டி வளைவில் நிறுத்தினார். தகரக் கொட்டகையில் ஒரு குண்டு பல்பு எரிந்துகொண்டிருந்தது. மழைக்குள் அந்த மஞ்சள் வெளிச்சம் மட்டும் தெரிந்தது.

"இங்க கரண்டு இருக்கு," என்றான் மீரான், வேறு யாருக்கோ சொல்வதுபோல.

வண்டியின் கூரையில் மழை கொட்டியது. நீலமேகத்தின் இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தன. போன் செய்தால் இழுவை வண்டி வரும். அதுவரை கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். டீசல் வண்டி என்றால் இந்த நேரம் கடந்து போயிருக்கும். கடந்து போகத்தான் அது விட்டது. நிற்க ஒருநாளும் விடவில்லை. இது நிறுத்திவிட்டது.

மீரான் போனை மடியில் வைத்துவிட்டான். அவன் கதவைத் திறக்கவில்லை.

நீலமேகம் வலது கட்டைவிரலை ஸ்டியரிங்கின் நடுவில் வைத்தார். வைத்தபடியே இருந்தார். அப்புறம் அமுக்கினார். சின்னதாக, ஒரே ஒரு தடவை.

முதலில் கொட்டகையிலிருந்து மதியழகன் எட்டிப்பார்த்தான். கையில் செம்புக் கம்பிச் சுருள். போலீஸ் வண்டி என்று தெரிந்ததும் சுருளைக் கீழே வைத்தான். அதற்குள் வீட்டுக் கதவு திறந்தது. இளவேனில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நிறைந்த வயிறு. ஏழு மாதம் இருக்கும்.

நீலமேகம் இறங்கினார். மழையில் நனைந்துகொண்டே கொட்டகைத் தகரத்தடிக்கு வந்தார். மூன்று வருஷமாகச் சேர்த்துவைத்ததில் ஒன்றும் வாயில் வரவில்லை.

"கரண்டு வேணும்," என்றார்.

மதியழகன் வேட்டியை இறக்கிவிட்டான். "பதினஞ்சு ஆம்பியர் பிளக் இருக்குங்க," என்றான். "எர்த்து நல்லாருக்கு." சொல்லிவிட்டு, தான் சொன்னது போதாது என்று பட்டதோ என்னவோ, "வாங்க, உள்ள வாங்க," என்றான்.

மீரான் டிக்கியிலிருந்து சார்ஜர் வயரை எடுத்துக்கொண்டு ஓடிவந்தான். இருவரும் குனிந்து அதைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது இளவேனில் படியிறங்கி வந்தாள். கொட்டகைத் தூண் வரை வந்து நின்றாள்.

"வண்டிய மாத்திட்டாங்களாப்பா?"

"ஒரு மாசத்துக்கு மேல ஆவுது."

"இதுலயா வந்தீங்க? இந்தப் பக்கமா?"

"தெனமும்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "நா நீங்க டூட்டி மாத்தி வாங்கிக்கிட்டுப் போயிட்டீங்கன்னு நெனச்சேன். வயிறு தெரிஞ்சு போச்சு, அது புடிக்காம போயிட்டீங்கன்னு."

"டிராக்டரு, மினி பஸ்ஸு, நெல்லு லாரின்னு எல்லாத்துக்கும் இது ஓடிவரும்ங்க," என்றான் மதியழகன், பிளக்கிலிருந்து தலையைத் தூக்காமல். "டீசல் சத்தம் கேட்டா போதும். வழுக்கி விழுந்துடும்னு எங்கம்மா ஒரே சண்ட."

சார்ஜரில் பச்சை விளக்கு எரிந்தது. இரண்டு நிமிடம் எரிந்திருக்கும். கொட்டகை பல்பு ஒரு தடவை சிமிட்டிவிட்டு அணைந்தது. பச்சையும் போனது.

"போச்சு!" என்றான் மீரான். "ஏன் இங்க வந்து நின்னீங்கன்னு கரண்டே கேக்குது பாருங்க."

"வரட்டும்," என்றார் நீலமேகம். "மெதுவா வரட்டும்."

மதியழகன் ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டான். நீலமேகம் உட்கார்ந்தார். இளவேனில் உள்ளே போய் ஒரு துண்டும் கடுங்காபியும் கொண்டுவந்தாள். பால் இல்லை என்றாள். அவர் குடித்தார். சர்க்கரை அவருக்கு வேண்டிய அளவில் இருந்தது. மறக்கவில்லை.

தகரத்தில் மழை அடித்தது. மீரான் ஸ்டேஷனுக்குப் பேசப்போகிற சாக்கில் வண்டிக்குள் போய் உட்கார்ந்துகொண்டான்.

"வேற ஸ்டேஷனுக்குப் போவலாம்னுதான் இவங்க சொன்னாங்க," என்றாள் இளவேனில் திடீரென்று. எதைப் பற்றி என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. "நாந்தான் அங்கதான் போவணும்னேன். பயமா இருந்துச்சுப்பா. நீங்க இருக்குற எடமா இருந்தா பயம் இருக்காதுன்னு." மூக்கை உறிஞ்சினாள். "உள்ள கேட்டப்ப, வீட்டாளுங்க பேரச் சொன்னாதான் பாதுகாப்பு குடுப்பாங்கன்னு சொல்லிக் குடுத்திருந்தாங்க. எனக்கு உங்கள உட்டா வேற யாரு பேரு தெரியும்?"

நீலமேகம் காபித் தம்ளரின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலையை மட்டும் மெல்ல ஆட்டினார். ஆட்டுவது நிற்கவில்லை.

அப்புறம் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். ஈர விரலுக்கு அது பிடிபடவில்லை. துண்டில் துடைத்துவிட்டு மறுபடியும் அமுக்கினார். சுரக்குடியில் மணி அடித்தது.

"சொல்லுங்க," என்றாள் கமலாம்பாள். அவள் குரலுக்குப் பின்னாலும் மழை கேட்டது. ஓட்டிலிருந்து பாத்திரத்தில் சொட்டும் சத்தம்கூடக் கேட்டது. "எங்க இருக்கீங்க? இம்மாம் மழயில."

நீலமேகம் மகளைப் பார்த்தார். கண்ணோரத்தில் இல்லை, கண்ணாடியில் இல்லை. கழுத்தைத் திருப்பி, நேராக.

"கமலா," என்றார். "நெடுங்காட்டுப் பக்கம் நல்ல வெயில் அடிக்குது."

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. பாத்திரத்தில் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. எங்கோ ஒரு ஜாடியின் மூடி நகரும் சத்தம்.

"நார்த்தங்கா ஊறியிருக்கு," என்றாள் கமலாம்பாள். "அந்தப் பக்கம் எந்த பஸ்ஸுங்க போவும்?"